நிலநடுக்க ஆபத்தை ஆராயும் அரசு விஞ்ஞானி வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்திய அரசின் ஆய்வுக்கூடம் ஒன்றில் நிலநடுக்கப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஊருக்குப் போனால் கல்யாண வீட்டில் கேட்பார்கள். கல்லூரிகளில் பேசப் போனால் மாணவர்கள் கேட்பார்கள். டெல்லியில் லேசாக ஆடிவிட்டால் அன்றைக்கு முழுக்க வாட்ஸப்பில் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதேதான் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கருத்து என்று எங்கெல்லாம் வருகிறதோ அதெல்லாம் என் சொந்தக் கருத்து, அலுவலகத்தின் கருத்து இல்லை.

நிலநடுக்க விஞ்ஞானிகளை அரசு எங்கே வேலைக்கு வைத்திருக்கிறது?

ஒரே இடத்தில் இல்லை. நாடு முழுக்க நிலநடுக்கங்களைப் பதிவு செய்து "இத்தனை மணிக்கு, இங்கே, இவ்வளவு" என்று அறிவிப்பது டெல்லியில் உள்ள தேசிய நில அதிர்வு மையம். புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. முன்பு வானிலைத் துறையின் ஒரு பிரிவாக இருந்தது, 2014-இல் தனி மையமானது. ஆராய்ச்சி என்று பார்த்தால் ஐதராபாத்தில் 1961-இல் தொடங்கிய தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், டேராடூனில் இமயமலைக்கென்றே உள்ள வாடியா நிறுவனம், குஜராத் அரசு காந்திநகரில் நடத்தும் நில அதிர்வு ஆய்வு நிறுவனம் எல்லாம் இருக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிலும் புவி இயற்பியலாளர்கள் உண்டு. சுனாமி எச்சரிக்கை தருவது ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் பெருங்கடல் தகவல் மையம். 2004 சுனாமிக்குப் பிறகு திட்டமிட்டு, 2007 அக்டோபரில் அங்கே எச்சரிக்கை மையத்தைத் தொடங்கினார்கள்.

இந்தத் துறைக்கு இந்தியாவில் வயது அதிகம். 1897 ஜூன் 12-இல் ஷில்லாங் பீடபூமி குலுங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு கல்கத்தா அலிப்பூரில் முதல் நிலநடுக்கப் பதிவு நிலையம் வந்தது. அதையடுத்து நம் கொடைக்கானலிலும் ஒரு கருவி வைத்தார்கள். ஷில்லாங் நிலநடுக்கத்தை ஆராய்ந்து மிகப் பெரிய அறிக்கை எழுதிய ஓல்ட்ஹாம், புவியியல் ஆய்வுத் துறையில் சம்பளம் வாங்கிய அரசு ஊழியர். பூமிக்கு நடுவே உட்கரு ஒன்று இருக்கிறது என்று 1906-இல் அலைகளின் பதிவை வைத்துக் காட்டியவரும் அவரேதான். அரசு வேலையில் ஆராய்ச்சி நடக்காது என்று யாராவது சொன்னால் அவர் பெயரைச் சொல்வேன்.

அடுத்த பூகம்பம் எப்போது வரும் என்று சொல்வதுதானே உங்கள் வேலை?

இல்லை. நாள், இடம், அளவு மூன்றையும் முன்கூட்டிச் சொல்லும் வித்தை உலகில் எவரிடமும் இல்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. கலிபோர்னியாவில் பார்க்ஃபீல்டு என்று ஒரு சிற்றூர். அங்கே சுமார் 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை 6 அளவில் நிலநடுக்கம் வந்துகொண்டிருந்தது. கடைசியாக 1966-இல் வந்ததால், அடுத்தது 1993-க்குள் வந்துவிடும் என்று 1985-இல் அமெரிக்க அரசு விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அந்தச் சின்ன ஊரைச் சுற்றி விதவிதமான கருவிகளை நட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். 1993 வந்தது, போனது. ஒன்றும் நடக்கவில்லை. நிலநடுக்கம் 2004 செப்டம்பர் 28-இல்தான் வந்தது. அதைவிட முக்கியமான விஷயம், உலகிலேயே அவ்வளவு நெருக்கமாகக் கண்காணித்த அந்த இடத்தில்கூட, முந்தைய நாட்களில் நம்பத்தக்க முன்னறிகுறி எதையும் கருவிகள் காட்டவில்லை.

ஆகவே யூடியூபில் தேதி குறிப்பவர்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். உலகில் 5 அளவுக்கு மேல் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் அதிகமான நிலநடுக்கங்கள் வருகின்றன. "இந்த வாரம் ஆசியாவில் வரும்" என்று யார் சொன்னாலும் பலிக்கும்.

அப்படியானால் 'ஆபத்தை ஆராய்வது' என்றால் என்ன?

ஓர் இடத்தில், ஒரு கட்டடத்தின் ஆயுட்காலத்துக்குள், நிலம் எவ்வளவு பலமாகக் குலுங்க வாய்ப்பிருக்கிறது என்று கணக்கிடுவது. 'எப்போது' என்பதை விட்டுவிட்டு 'எவ்வளவு' என்பதைப் பிடிக்கிறோம். கட்டடம் கட்டுபவருக்குத் தேவைப்படுவதும் அந்த எண்தான்.

அதற்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். முதலில், சுற்றுவட்டாரத்தில் எந்தப் பிளவுகள் (பாறை உடைந்து நழுவும் இடங்கள்) உயிரோடு இருக்கின்றன, அவற்றில் எவ்வளவு பெரிய நிலநடுக்கம் வர முடியும். இரண்டாவது, அங்கிருந்து அலை வரும் வழியில் எவ்வளவு வலுவிழக்கும். மூன்றாவது, வந்து சேரும் இடத்தில் காலுக்கடியில் என்ன இருக்கிறது: பாறையா, ஆற்று மணலா, ஏரியைத் தூர்த்த மண்ணா.

முதலாவதற்கு இமயமலையைப் பாருங்கள். இந்திய நிலத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கு நோக்கி நகர்கிறது. அதில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் இமயமலை அடிவாரத்தில் இறுகிச் சேர்கிறது. பாறையில் பதித்த ஜிபிஎஸ் கருவிகளை ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்து இதை அளக்கிறோம். நூறு ஆண்டுக்கு 2 மீட்டர். அந்த நெருக்கம் ஒருநாள் விடுபட்டாக வேண்டும். 1905-இல் காங்ராவிலும், 1934-இல் பீகார் - நேபாள எல்லையிலும், 1950-இல் அசாம் - திபெத் எல்லையிலும் விடுபட்டது. கடைசியாகச் சொன்னது 8.6. காங்ராவுக்கும் பீகாருக்கும் நடுவே, உத்தராகண்ட் அடங்கிய நீண்ட துண்டு ஒன்று பல நூறு ஆண்டுகளாக முழுதாக உடையாமல் கிடக்கிறது. "எப்போது?" என்றால் தெரியாது. "பெரிதாக வருமா?" என்றால், வரும் என்று வைத்துக்கொண்டுதான் கட்ட வேண்டும்.

தினசரி வேலை எப்படி இருக்கும்?

பெரும்பாலான நாட்கள் கணினி முன்னால்தான். நாடெங்கும் உள்ள நிலையங்களிலிருந்து வந்த பதிவுகளைத் திறந்து, முதல் அலை எந்த நொடியில் வந்தது, இரண்டாவது அலை எந்த நொடியில் வந்தது என்று குறிக்க வேண்டும். வேகமாக வருவது பி அலை, பின்னால் வந்து அதிகமாக ஆட்டுவது எஸ் அலை. இரண்டுக்கும் இடைவெளி 10 நொடி என்றால் நிலநடுக்கம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரத்தில். நொடியை எட்டால் பெருக்கினால் போதும், முதல் நாளே சொல்லித் தந்துவிடுவார்கள். பி அலை தெளிவாக இருந்தால் யாரும் குறிக்கலாம். எஸ் அலைதான் பிரச்சினை. பி அலையின் வாலுக்குள் அது ஒளிந்துகொள்ளும். இரண்டு பேர் குறித்தால் இரண்டு இடத்தில் குறிப்பார்கள். இப்போது இயந்திரக் கற்றல் நிரல்கள் இதை வேகமாகச் செய்கின்றன, ஆனால் புதிய ஆளுக்கு நான் இன்னும் கையால்தான் கொடுக்கிறேன். கண் பழகாமல் நிரல் செய்த தவறைப் பிடிக்க முடியாது.

இன்னொரு பாதி, நிலையங்களை உயிரோடு வைத்திருப்பது. ஒரு நிலையம் என்றால் சின்ன அறை. தரையில் கெட்டியான பாறைமீது நேராக எழுப்பிய சிமெண்டு மேடை. அந்த மேடைக்கும் அறையின் தளத்துக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டிருப்பார்கள், அறையில் யாராவது நடந்தால் கருவிக்குத் தெரியக்கூடாது என்று. மேடைமேல் கருவி, அதன்மேல் காற்றும் சூடும் தாக்காமல் மூடி. கூரையில் சோலார் பேனல், துல்லியமான நேரத்துக்கு ஜிபிஎஸ் ஆன்டெனா, டேட்டாவை அனுப்ப ஒரு டிஷ். கேட்க எளிதாக இருக்கிறது. எலி கேபிளைக் கடிக்கும். மின்னல் இறங்கினால் அதிர்வை எண்ணாக மாற்றும் டிஜிட்டைசர் போய்விடும். பேட்டரி காணாமல் போகும். பக்கத்து வயலில் புதிதாக ஒரு மோட்டார் போட்டால், பகல் முழுக்கப் பதிவில் ஒரே சீரான முணுமுணுப்பு. காற்றடிக்கும்போது மரத்தின் வேர் ஆடுவதுகூடத் தெரியும் என்பதால் மரமில்லாத, சாலையில்லாத, பாறை தெரிகிற இடமாகத் தேடுவோம். அப்படிப்பட்ட இடத்துக்கு வண்டி போகாது. கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

தேசிய மையத்துக்கு மட்டும் இப்படி 150-க்கும் மேற்பட்ட நிலையங்கள். அங்கே இருபத்துநாலு மணி நேரமும் ஷிஃப்டில் ஆள் இருப்பார்கள். ஆராய்ச்சி நிறுவனங்களில் ஷிஃப்ட் பொதுவாகக் கிடையாது. பெரிய நிலநடுக்கம் வந்தால் மட்டும் அன்றைக்கு எல்லாக் கணக்கும் மாறிவிடும். பின்னதிர்வுகளைப் பிடிக்க, பெட்டிகளைக் கட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாளுக்குள் அங்கே போயாக வேண்டும்.

ஃபீல்டு வேலை என்றால் என்ன செய்வீர்கள்?

ஆளைப் பொறுத்தது. சிலர் பள்ளம் தோண்டுவார்கள். உயிருள்ள பிளவு நிலத்தின் மேல்வரை வந்திருந்தால், அதன் குறுக்கே சில மீட்டர் ஆழத்துக்கு ஜேசிபி வைத்து வெட்டி, சுவரைக் கரண்டியால் சுரண்டிச் சுத்தம் செய்து, நூல் கட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு மண் அடுக்கையும் வரைவார்கள். எந்த அடுக்கு வரை உடைந்திருக்கிறது, எந்த அடுக்கு உடையாமல் மேலே மூடியிருக்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டு அடுக்கிலும் மிளகு அளவு கரித்துண்டு கிடைத்தால் போதும், கார்பன் முறையில் வயது கண்டுபிடித்து, அந்த நிலநடுக்கம் எந்தக் காலத்துக்குள் வந்தது என்று சொல்லிவிடலாம். எழுத்தில் பதிவாகாத நிலநடுக்கங்களை இப்படித்தான் தேடிப் பிடிக்கிறோம். மழை வருவதற்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் சுவர் சரிந்துவிடும்.

நகரத்தில் வேலை வேறு மாதிரி. பள்ளிக்கூட மைதானத்தில் நேர்கோட்டில் 24 சின்ன உணரிகளைக் குத்தி வைத்து, ஒரு கோடியில் இரும்புத் தகட்டைப் போட்டுச் சம்மட்டியால் அடிப்போம். அந்த அதிர்வு மைதானத்தைத் தாண்டிப் போகும் வேகத்திலிருந்து, மேல் 30 மீட்டர் மண் எவ்வளவு கெட்டி என்று தெரியும். பக்கத்துச் சாலையில் லாரி போனால் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். "புதையல் தேடுறீங்களா?", "மெட்ரோ வருதா?" என்ற இரண்டு கேள்வியும் தவறாமல் வரும். பசங்கள் சம்மட்டி அடிக்கப் போட்டி போடுவார்கள். ஒருவன் அடித்து முடித்ததும் அடுத்தவன் ஓடி வருவான், அவன் காலடியும் பதிவாகிவிடும்.

எல்லைப்புறங்களில் கருவி வைக்கவும் வரைபடம் எடுக்கவும் அனுமதி வாங்குவது தனிக் கதை. ஃபீல்டுக்குப் பத்து நாள் என்றால் கோப்புக்குச் சில மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அணை கட்டினால் பூகம்பம் வருமா?

சில இடங்களில், ஆம். உலகில் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு நம் நாட்டில்தான் இருக்கிறது.

மகாராஷ்டிராவில் கொய்னா அணை, 103 மீட்டர் உயரம். 1962-இல் நீர் தேங்கத் தொடங்கியதுமே சின்னச் சின்ன அதிர்வுகள் வரத் தொடங்கின. 1967 டிசம்பர் 11 அதிகாலையில் 6.3 அளவில் ஒன்று வந்து சுமார் 200 பேர் இறந்தார்கள். அதன்பின் அங்கே நிலநடுக்கம் நிற்கவே இல்லை. ஆச்சரியம் என்னவென்றால் எல்லாமே ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் துண்டு நிலத்துக்குள்தான் வருகின்றன. மழைக்காலத்தில் அணை நிரம்பும்போதும், பிறகு நீர் இறங்கும்போதும் எண்ணிக்கை கூடுகிறது.

அணை நிலநடுக்கத்தை உருவாக்கியது என்று சொல்வது முழுச் சரியில்லை. பாறையில் ஏற்கெனவே இறுக்கம் இருந்தது. தேங்கிய நீரின் எடையும், பிளவுகளுக்குள் இறங்கிய நீரின் அழுத்தமும் அதைக் கொஞ்சம் முன்னதாகவே நழுவ வைத்தன. இறுக்கம் இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய அணை கட்டினாலும் இப்படி வராது. ஆயிரக்கணக்கான அணைகளில் மிகச் சிலவற்றில்தான் இது நடந்திருக்கிறது. முல்லைப் பெரியாறு பற்றிக் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். அந்த வழக்கின் அரசியலுக்குள் நான் வரவில்லை.

ஆராய்ச்சியாளர் கண்ணில் கொய்னா ஒரு வரம். நிலநடுக்கம் எங்கே வரும் என்று தெரியும், அதுவும் சில கிலோமீட்டர் ஆழத்திலேயே. உலகில் வேறெங்கும் இவ்வளவு வசதி இல்லை. அதனால் அங்கேயே துளை போட்டு இறங்கிப் பார்த்துவிடலாம் என்று திட்டம் வந்தது. கராட் நகரில் இதற்கென்று ஓர் ஆய்வுக்கூடம் கட்டி, 3 கிலோமீட்டர் ஆழத்துக்கு முதல் துளையை 2017-இல் போட்டு முடித்தார்கள். மேலே ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமாகத் தக்காண எரிமலைப் பாறை, அதன்கீழ் கிரானைட். பாறையின் வெப்பம், இறுக்கம், உள்ளே நீர் இருக்கிறதா என்பதையெல்லாம் நேரடியாக அளக்க முடிந்தது. நாங்கள் எல்லாரும் வாழ்நாள் முழுக்க மேலே நின்று காது வைத்துக் கேட்பவர்கள். உள்ளே கை விட்டுப் பார்த்த அபூர்வமான இடம் அது.

தமிழ்நாட்டில் பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டாம். ஆனால் "நமக்கு வராது" என்பது பொய்.

1900 பிப்ரவரி 8-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறக்குறைய 6 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்தது. கோவையிலும் குன்னூரிலும் கட்டடங்கள் சேதமாயின, தென்னிந்தியா முழுக்க உணர்ந்தார்கள். அன்றைய கோவையும் இன்றைய கோவையும் ஒன்றா? 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் 5.5. குஜராத் நிலநடுக்கம் நடந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, சென்னையில் அடுக்குமாடிக்காரர்கள் எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டுவதற்கான இந்தியத் தரநிலை 'ஐஎஸ் 1893' நாட்டை மண்டலங்களாகப் பிரிக்கிறது, எண் கூடினால் ஆபத்தும் கூடும். 2002 திருத்தத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது. அதே திருத்தத்தில் 'முதல் மண்டலம்' என்பதையே எடுத்துவிட்டார்கள். காரணம் 1993 செப்டம்பர் 30, லாத்தூர் மாவட்டம் கில்லாரி. மிகப் பாதுகாப்பான முதல் மண்டலத்தில் இருந்த ஊர் அது. அதிகாலை நான்கு மணிக்குச் சற்று முன், 6.2 அளவு. விநாயகர் ஊர்வலம் முடிந்து அசந்து தூங்கிய ஜனம். மண் சாந்து வைத்து அடுக்கிய பெரிய கருங்கல் சுவர், அதற்குமேல் வெயிலுக்காக முழக்கணக்கில் மண் கொட்டிய கூரை. சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். தக்காணத்தின் பழைய, கெட்டியான பாறையில் இப்படி ஒன்று வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தமிழ்நாடும் அதே வகையான பழைய நிலம்தான் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

தூரத்து நிலநடுக்கமும் நம்மை ஆட்டும். 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 வந்தபோது சென்னையின் உயரமான கட்டடங்கள் நன்றாகவே ஆடின, தரைத்தளத்தில் இருந்த பலருக்குத் தெரியவே இல்லை. தூரம் போகப் போக வேகமான அதிர்வுகள் செத்துப்போகும், மெதுவாக ஆடும் அலைகள் மட்டும் மிஞ்சும். உயரக் கட்டடத்துக்கு ஒத்துப்போவது அந்த அலைதான். அன்றைக்குப் பெரிய சுனாமி வராததற்குக் காரணம், கடல்தரை மேலே எழும்பாமல் பக்கவாட்டில் நழுவியது.

அப்புறம் ஏன் ஒரே ஊரில் ஒரு தெரு விழுகிறது, அடுத்த தெரு நிற்கிறது?

மண். கெட்டித் தயிர் உள்ள பாத்திரத்தை லேசாகத் தட்டிப் பாருங்கள், பாத்திரம் நின்ற பிறகும் தயிர் ஆடிக்கொண்டிருக்கும். மென்மையான வண்டல் நிலம் அப்படித்தான் அலையைப் பெருக்கி, நீட்டிக்கிறது. சென்னையில் பல்லாவரம் பக்கம் பாறை மேலேயே தெரியும். பள்ளிக்கரணை சதுப்பில் அப்படி இல்லை. ஒரே மண்டல எண்ணை இரண்டுக்கும் கொடுத்தால் போதாது என்றுதான் நகரத்துக்குள்ளேயே நுண்மண்டல வரைபடம் போடுகிறோம். சம்மட்டி அடிப்பதெல்லாம் இதற்குத்தான். டெல்லிக்கு முடிந்திருக்கிறது, சென்னையையும் கோவையையும் தேசிய மையம் எடுத்துக்கொண்டது.

வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டால் உங்கள் வேலை முடிந்ததா?

காகிதத்தில் முடிந்தது. இந்த வேலையில் எனக்குப் பெரிய ஆற்றாமை இதில்தான்.

2001 ஜனவரி 26, குடியரசு நாள் காலை. கட்ச் பகுதியில் 7.7 அளவில் நிலநடுக்கம். பூஜ், பச்சாவ், அஞ்சார் எல்லாம் தரைமட்டமாயின. அவை நிலநடுக்க மையத்துக்குப் பக்கம். ஆனால் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் ஏன் அடுக்குமாடிகள் விழுந்தன? ஒருபுறம் சபர்மதி ஆற்று வண்டல். மறுபுறம், விழுந்த பல கட்டடங்களில் தரைத்தளம் முழுக்க வண்டி நிறுத்துமிடம். மேலே நான்கு மாடிக்கும் செங்கல் சுவர் இருப்பதால் அவை ஒரே கட்டியாக விறைத்து நிற்கும். கீழே சுவரில்லாமல் தூண் மட்டும். ஆட்டம் முழுவதையும் அந்தத் தூண்கள்தான் தாங்க வேண்டும். தூணுக்குள்ளே வளையக் கம்பிகளை நெருக்கமாகக் கட்டி, முனையை உள்பக்கமாக 135 பாகைக்கு மடக்கியிருந்தால் தாங்கும். சும்மா 90 பாகையில் மடக்கி விட்டிருந்தால், குலுங்கும்போது வளையம் விரிந்து, நெடுக்குக் கம்பி பிதுங்கி, தூண் உட்கார்ந்துவிடும்.

இப்போது சென்னையிலோ கோவையிலோ நடந்து போய்ப் பாருங்கள். பாதிக் கட்டடம் அந்த அமைப்புதான். மடக்கு எத்தனை பாகை என்று பார்க்க, கான்கிரீட் போடுவதற்கு முன் அந்த ஒரு நாளில் யாராவது அங்கே நிற்க வேண்டும். எங்கள் கணக்கு, தரநிலைக் குழு, மாநில விதி, மாநகராட்சி அனுமதி, ஒப்பந்ததாரர், கம்பி கட்டும் மேஸ்திரி என்று கைமாறிப் போகிறது. நான் இரண்டாவது தசம இடத்தைத் திருத்த ஓராண்டு உழைப்பேன். மேஸ்திரியிடம் யாரும் ஐந்து நிமிடம் பேசியிருக்க மாட்டார்கள். ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் கம்பி கட்டுபவர்களுக்குப் பயிற்சி தருவதற்குக் கொடுங்கள் என்று எங்கே கேட்டாலும் சொல்வேன். சக விஞ்ஞானிகள் சிலருக்கு இது பிடிக்காது.

ஒரே நிலநடுக்கத்துக்கு டெல்லி ஓர் எண், அமெரிக்கா ஓர் எண் சொல்கிறதே?

பயன்படுத்தும் நிலையங்கள் வேறு, கணக்கு முறையும் வேறு. 0.2, 0.3 வித்தியாசம் சகஜம், யாரும் எதையும் மறைக்கவில்லை. முதல் சில நிமிடத்தில் வரும் எண் பின்னர் திருத்தப்படுவதும் வழக்கம்தான். ஆனால் 5-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம் சின்னதில்லை. ஒரு படி கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு.

சில நொடிக்கு முன் எச்சரிக்கை வரும் என்கிறார்களே, அது முன்கணிப்பு இல்லையா?

இல்லை. நிலநடுக்கம் தொடங்கிய பிறகுதான் அந்த எச்சரிக்கை கிளம்புகிறது. மையத்துக்குப் பக்கத்தில் உள்ள கருவி பி அலையைப் பிடித்து, சேதம் செய்யும் அலை வந்து சேருமுன் தூரத்து ஊருக்குச் செய்தி அனுப்பிவிடும். அலை நொடிக்குச் சில கிலோமீட்டர்தான் போகும், செய்தி உடனே போய்விடும். உத்தராகண்ட் மலையில் பெரிதாக வந்தால் டெல்லிக்கு ஒரு நிமிடம்வரைகூடக் கிடைக்கலாம். மையத்தின்மேலேயே இருப்பவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. உத்தராகண்ட் அரசும் ரூர்க்கி ஐஐடியும் சேர்ந்து 2021-இல் செயலி வெளியிட்டார்கள். ஆண்ட்ராய்டு போன்களை வைத்து கூகுள் தரும் எச்சரிக்கையும் 2023 முதல் இந்தியாவில் இருக்கிறது.

விலங்குகளுக்கு முன்பே தெரியுமாமே?

நாம் கவனிக்காத பி அலையை நாய் சில நொடி முன்பு உணரலாம். நாட்கணக்கில் முன்பே தெரியும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை.

தவறாகச் சொல்லிவிட்டால் சிறைக்குப் போக வேண்டுமா?

இந்தக் கேள்வி இத்தாலியால் வந்தது. 2009 ஏப்ரல் 6-இல் லாக்விலா நகரில் நிலநடுக்கம், 309 பேர் இறந்தார்கள். அதற்கு முன் மாதக்கணக்கில் சின்ன அதிர்வுகள். ஊர் பயத்தில் இருந்ததால் நிபுணர் கூட்டம் ஒன்று ஆறு நாள் முன்புதான் நடந்தது. கூட்டத்தை ஒட்டி, கவலைப்பட ஒன்றுமில்லை என்ற தொனியில் அதிகாரி ஒருவர் தொலைக்காட்சியில் பேசிவிட்டார். ஆறு விஞ்ஞானிகளுக்கும் அந்த அதிகாரிக்கும் 2012-இல் ஆறு ஆண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள். 2014-இல் மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் விடுதலையானார்கள்.

முன்கூட்டிச் சொல்லாததற்காகத் தண்டித்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கின் மையம், மக்களுக்குப் பொய்யான நிம்மதி கொடுத்தார்கள் என்பது. தண்டனை அநியாயம் என்பதே என் கருத்து. ஆனால் அதிர்வு வரும்போதெல்லாம் இரவு வெளியே வந்து படுக்கும் பழக்கமுள்ள ஊரிடம் "பேசாமல் உள்ளே தூங்குங்கள்" என்ற பொருள் போய்ச் சேர்ந்தது உண்மை. இங்கே நாங்கள் ஊடகத்திடம் பேச அனுமதி வேண்டும், நடத்தை விதிகள் உண்டு. சில நேரம் எரிச்சலாக இருக்கும். சரி, அரசு முத்திரையோடு வரும் ஒரு வாக்கியத்தை மக்கள் எப்படிக் கேட்பார்கள் என்று யோசித்தால் அதன் காரணம் புரிகிறது.

என்ன படிக்க வேண்டும்?

இயற்பியலும் கணிதமும் நன்றாக வர வேண்டும். பி.எஸ்சி. இயற்பியல் அல்லது நிலவியல், அப்புறம் எம்.எஸ்சி. அல்லது எம்.எஸ்சி.டெக். புவி இயற்பியல். ஐஐடிகளில் கரக்பூர், ரூர்க்கி, மும்பை, தன்பாத் ஆகியவை இதற்குப் பெயர்போனவை. நுழைவுக்கு 'ஜாம்' தேர்வு. தமிழ்நாட்டில் நிலவியல் படிக்கச் சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி போன்ற பழைய துறைகள் உள்ளன. சிவில் படித்துவிட்டு நிலநடுக்கப் பொறியியல் வழியாக வருபவர்களும் உண்டு, அவர்கள் இன்னும் அதிகம் வர வேண்டும்.

அதன்பின் இரண்டு பாதை. ஆராய்ச்சி என்றால் சிஎஸ்ஐஆர் - யுஜிசி நெட் தேர்வில் புவி அறிவியல் பாடத்தில் ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகை) வாங்கி, முனைவர் பட்டம் முடித்து, விஞ்ஞானி பணியிடம் அறிவிக்கும்போது விண்ணப்பிப்பது. இல்லையென்றால் யுபிஎஸ்சி நடத்தும் புவி விஞ்ஞானி தேர்வு எழுதி, புவியியல் ஆய்வுத் துறைக்கு நேராகப் போவது. இரண்டாவதில் சீக்கிரம் வேலை கிடைக்கும், ஆனால் நிலநடுக்கப் பிரிவுதான் கிடைக்கும் என்று உறுதியில்லை. கனிமம் தேடவும் அனுப்புவார்கள்.

பைத்தான் நிரல்மொழி கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். இந்தியும் கொஞ்சம். மலைக்கிராமத்தில் நிலையம் வைக்க இடம் கேட்பது மொழிபெயர்ப்பாளர் வைத்துச் செய்யும் காரியமில்லை.

சம்பளம்?

ஏழாவது ஊதியக் குழுக் கணக்கில் சொல்கிறேன். ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000, வீட்டு வாடகைப் படி தனி. புவியியல் ஆய்வுத் துறையில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100, சிஎஸ்ஐஆர் (மத்திய அரசின் ஆய்வுக்கூடக் குழுமம்) விஞ்ஞானிக்கு 67,700. இதோடு பஞ்சப்படி முதலியன சேரும். எண்ணெய் நிறுவனத்துக்குப் போன வகுப்புத் தோழன் இதைவிட அதிகம் வாங்குவான். முனைவர் பட்டம் முடித்து நிரந்தர வேலைக்குக் காத்திருக்கும் இடைக்காலம்தான் கஷ்டம். வீட்டில் முன்னதாகவே சொல்லி வையுங்கள்.

பெண்கள் ஃபீல்டுக்குப் போக முடியுமா?

போகிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்த குசலா ராஜேந்திரன் இந்திய நிலநடுக்கங்களைப் பல ஆண்டுகள் ஃபீல்டில் ஆராய்ந்தவர். தங்குமிடம், கழிவறை ஏற்பாடு எல்லாம் இன்னும் சரியாகவில்லை என்பதும் உண்மை. குழுத் தலைவர் யார் என்பதைப் பொறுத்து மாறுகிறது. மாறக்கூடாத விஷயம் அது.

எங்கள் வீட்டில் அதிர்வு உணர்ந்தால் உங்களுக்கு எப்படிச் சொல்வது?

தேசிய மையத்தின் 'பூகம்ப்' செயலியையோ தளத்தையோ பாருங்கள். அந்த நேரத்துக்கு அங்கே பதிவு இருந்தால், நீங்கள் உணர்ந்ததை எழுதி அனுப்புங்கள். பதிவு இல்லை என்றால் பெரும்பாலும் பக்கத்தில் கல்குவாரி வெடியோ அஸ்திவாரத் தூண் (பைல்) இறக்கும் வேலையோதான், ஆனாலும் அனுப்பலாம். "பயங்கரமாக ஆடியது" என்று மட்டும் எழுதினால் எங்களுக்குப் பயனில்லை. எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனையாவது மாடி, அப்போது உட்கார்ந்திருந்தீர்களா நடந்துகொண்டிருந்தீர்களா, தொங்கிய விளக்கு ஆடியதா, அலமாரியிலிருந்து ஏதாவது விழுந்ததா, சுவரில் புது விரிசல் உண்டா என்று எழுதுங்கள். பக்கத்து வீட்டில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். கருவி இல்லாத தெருவுக்கு அதுதான் எங்களிடம் உள்ள ஒரே பதிவு.